மோட்டார் ஓடும் நாள்

பொழிற்குறிச்சி
5.9.2024

அன்புள்ள தம்பி தில்லைநாயகத்துக்கு அக்கா பிரம்மநாயகி எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் சுகம். உன் சுகத்துக்கும் சித்ரலேகா சுகத்துக்கும் பதில் போடு. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ பாதிப் பேச்சில் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். அதற்காகவே எழுதுகிறேன்.

கழிவுநீர் நிலையத் திறப்பு விழா முடிந்து நீ சென்னைக்குப் போனதிலிருந்து ஊரில் உன் பேச்சுதான். போன வருஷத்து வெள்ளத்தில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் பொங்கி முற்றத்தில் மிதந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால்தான் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருத்தெருவாக ஏறி இறங்கியபோது ஜனங்கள் காது கொடுத்தார்கள். டேங்கை மூடுங்கள், குழாய் இணைப்பு வாங்குங்கள், எல்லா அழுக்கும் என் தம்பி கட்டுகிற நிலையத்துக்குப் போய்ச் சுத்தமாகித்தான் ஆற்றில் சேரும் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. இன்றைக்கு அநேகமாக எல்லா வீடும் இணைந்தாயிற்று.

இடம் விஷயத்தில் நீ காட்டிய பொறுமையைத்தான் அத்தான் மெச்சுகிறார். கிழக்கே தீர்த்தவாரி மண்டபத்துக்கு அந்தப் பக்கம் நீ முதலில் குறித்தபோது, சாமி குளிக்கிற இடத்தில் ஊர் மலத்தைக் கொட்டுவதா என்று கோயில் கமிட்டியில் எழுந்து கத்தியவரே அவர்தான். நானும் அவருக்குத்தான் பரிந்து பேசினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் ஒரே வாரத்தில் வரைபடத்தை மாற்றி, மேற்கே சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டாய். அங்கிருந்து ஓடை வழியாக ஆற்றில் சேரும் தண்ணீரைப் போய்ப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருக்கிறது.

மோட்டார் சத்தம் எங்கள் மாடி வரை கேட்கிறது. அத்தானுக்கு எரிச்சல். எனக்கோ என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போலிருக்கிறது.

இன்னொரு சேதி. கோயம்புத்தூரில் சுகிர்தா முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நம் வீட்டில் ஒரு நல்ல சேதி. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, தாய்மாமனுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா பிரம்மு


சென்னை
18.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? சுகிர்தா சேதி படித்ததும் சித்ரலேகா பூஜை அறைக்கு ஓடிவிட்டாள். நான் ஆபீஸில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டதற்கு, தாத்தா ஆகப்போகிறேன் என்றேன். சிரித்தார்கள்.

மோட்டார் சத்தத்தை அத்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது நிலையத்தின் மூச்சு. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், நீ பிள்ளைகளுக்கும் சொல்லலாம். அந்தப் பெரிய தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஊர் அழுக்கைத் தின்று தீர்ப்பவை அவைதான். அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். மோட்டார் காற்றை ஊதுகிறது. நிறுத்திவிட்டால் ஓரிரு நாளில் எல்லாம் செத்துப்போகும். பிறகு உள்ளே வந்த அழுக்கு வந்தபடியே வெளியே போகும். ஆகவே மோட்டார் நின்றால் எனக்கு உடனே எழுது. நீதான் அங்கே என் காது.

இந்த ஊர் நன்றாக நடந்தால் அடுத்து இரண்டு ஊர் வேலை எங்கள் நிறுவனத்துக்கே வரும். என்னைத்தான் தலைமைப் பொறியாளராகப் போடுவார்கள் என்று பேச்சு. நெல்லையப்பரை வேண்டிக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
தில்லை


பொழிற்குறிச்சி
25.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மழை பிடித்துக்கொண்டது, அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. உங்கள் பக்கம் எப்படி?

உன் காதாக இருக்கச் சொன்னாயே, அதனால் எழுதுகிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து மோட்டார் சத்தம் கேட்கவில்லை. முதலில் எனக்குத்தான் பழகிப்போய்க் காதில் விழவில்லை என்று நினைத்தேன். பிறகு தீர்த்தவாரிக்கு இரண்டு நாள் முன்னால் ஓட ஆரம்பித்தது. சாமி குளித்தது, நாங்கள் எல்லோரும் முங்கினோம், தண்ணீர் குறையில்லாமல் இருந்தது. மறுநாள் சத்தம் நின்றுவிட்டது. இப்போது ஓடையில் வருவது கறுப்பாக இருக்கிறது, மேலே நுரை. சாயந்தரக் காற்று மேற்கேயிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. ஓடை சேருமிடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் படித்துறை, அதற்கும் கீழே ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிற உறைகிணறு. உனக்குத் தெரியாததா? நீ போட்ட படம்.

நிலையத்தில் இருக்கிற செந்தூர்பாண்டியைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். மிஷினுக்கு ஓய்வு கொடுக்கிறோம் டீச்சர் என்றான். இப்படி ஓய்வு உண்டா?

சுகிர்தாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. தை பிறந்ததும் வளைகாப்பு வைத்துக் கையோடு இங்கே கூட்டிவந்துவிடப் போகிறேன். மாமன் வீட்டு வளையல்தான் முதலில் ஏற வேண்டும், இப்போதே லீவு சொல்லிவை.

அக்கா பிரம்மு


சென்னை
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வேலை கழுத்து வரை. இரண்டு பேரும் சுகமே. அங்கே வெள்ளம் வந்து வடிந்தது என்று படித்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே? அத்தானின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், காலையும் மாலையும் தடவச் சொல்.

ஓடையைப் பற்றி எழுதியிருந்தாய். மழைக்காலத்தில் சில ஏற்ற இறக்கங்கள் இருக்கும். பராமரிப்பு எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரரிடம் பேசியிருக்கிறேன். நீ இதை வெளியில் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், வீணாகப் பெரிதாக்குவார்கள்.

வளைகாப்பைக் கோயம்புத்தூரிலேயே வைத்தால் என்ன? மாப்பிள்ளை கணேஷ்ராம் வீடு வசதியான வீடு, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. பிரசவமும் அங்கேயே நடக்கட்டும். அந்தக் காலத்து வழக்கத்தையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்? உன்னையும் அங்கேயே கொண்டுவந்து விட ஏற்பாடு செய்கிறேன்.

பனிக்காலம். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். பொதுவாகச் சொல்கிறேன்.

தம்பி
தில்லை


பொழிற்குறிச்சி
4.1.2025

தம்பி தில்லைநாயகத்துக்கு அக்கா ஆசிகள். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மனசுக்குத்தான், உன் கடிதம் படித்ததிலிருந்து.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவராதே என்று சொன்ன முதல் தாய்மாமன் நீயாகத்தான் இருப்பாய். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளைக்குச் செய்யப் பிறந்த வீட்டில் கையில்லையா என்று கேட்க மாட்டார்களா? சீர் செய்யத் தயங்குகிறாய் என்றால் நேரே சொல். கண்ணாடி வளையல் போதும், எனக்கு வேண்டியது நீ வந்து நிற்பது.

அப்புறம், தண்ணீரைக் காய்ச்சச் சொல்கிறாய். உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சென்னையில் லாரித் தண்ணீர் குடிக்கிறவன் தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சச் சொல்கிறானே என்றார். மலையிலிருந்து மூலிகை எல்லாம் அலசிக்கொண்டு வருகிற தண்ணீர் என்று சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசு வாங்கியவன் நீ. காய்ச்சினால் அதன் ருசி போய்விடும். கோயம்புத்தூர்த் தண்ணீர் ஒசத்தி என்று சம்பந்தி அம்மாள் சொல்லும்போதெல்லாம் சுகிர்தா சண்டைக்கு நிற்கிறாளாம். வந்ததும் வயிறு முட்டக் குடிக்கணும் என்று போனில் சொல்கிறாள்.

மோட்டார் போன வாரம் ஓடியது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்குத் தெளிவாக இருந்தது. நீ சொல்லித்தான் ஓட்டியிருப்பார்கள், சந்தோஷம். ஆனால் அவர்கள் போனதும் நிறுத்திவிட்டார்கள். அதையும் ஒரு வார்த்தை சொல்லேன்.

தை இரண்டாம் வாரம் வளைகாப்பு. வராமல் இருந்தாயானால் இந்த வீட்டுப் படி ஏறாதே.

பிரம்மநாயகி


சென்னை
14.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துக்கள். எல்லோரும் சுகம்தானே? கோபம் வேண்டாம். கட்டாயம் வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வளைகாப்பு முடிந்ததும் சுகிர்தாவை எங்களோடு சென்னைக்கு அனுப்பு. சித்ரலேகாவுக்கும் பொழுது போகும். மாமன் வீடும் பிறந்த வீடு மாதிரித்தான். இங்கே நல்ல டாக்டர்கள், மாசியில் உங்கள் பக்கம் வெயிலும் கூடிவிடும். நீயும் வந்து இரு. யோசித்துப் பார், அக்கா. உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

வரும்போது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று கொண்டுவருகிறேன். மாட்டிக்கொள்ளுங்கள்.

தில்லை


பொழிற்குறிச்சி
10.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். சுகிர்தாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, டாக்டரம்மா பரவாயில்லை என்றார். நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது பற்றி நீயாக ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன்.

வந்தாய், வளையல் போட்டாய், படம் எடுத்துக்கொண்டாய், சாயந்தரமே காரில் ஏறிவிட்டாய். சுகிர்தாவைச் சென்னைக்கு அனுப்பவில்லை என்று மனத்தாங்கல் என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கேட்கிறேன் என்று நினைக்காதே, அன்றைக்கு இந்த வீட்டில் நீ ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. வாசலில் நான் நீட்டிய செம்பை வாங்கி அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு, காரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தாய். சம்பந்தி அம்மாள் பார்த்தாள். சென்னைக்காரருக்கு நம்ம தண்ணி ஒத்துக்காது போல என்று அத்தான் சமாளித்தார். பெரிய வேலைக்குப் போனால் பிறந்த வீட்டுச் செம்பு கூசுமா?

அந்த இயந்திரத்தை அத்தான் பரணில் ஏற்றிவிட்டார். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு இதை மாட்டினால் ஊர் சிரிக்கும் என்கிறார்.

நீ வந்த அன்றைக்கு மோட்டார் ஓடியது, நாற்றமே இல்லை. மறுநாளிலிருந்து பழைய கதை. மேலத்தெருக் காலனியில் ஏழெட்டுப் பேருக்குக் காமாலை என்கிறார்கள். என் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். சும்மா சேதிக்காக எழுதினேன்.

சுகிர்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிக்கிறாள். மாமாவுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறாள்.

அக்கா


திருநெல்வேலி
10.3.2025

தம்பிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகமில்லை.

சுகிர்தாவுக்குக் காய்ச்சல், வாந்தி. முந்தாநாள் கண்ணைப் பார்த்தேன், மஞ்சள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டரம்மா என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். ஆற்றுத் தண்ணீர் என்று நான் பெருமையாகச் சொன்னேன். தண்ணீரால் வருகிற காமாலை, மற்றவர்களுக்கு வந்தால் போய்விடும், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வந்தால் பொல்லாதது என்றார்.

உனக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வா.

பிரம்மு


சென்னை
17.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுப் போனில் உன்னால் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். சுகிர்தா இப்போது எப்படி இருக்கிறாள்? அத்தானும் நீயும் வேளைக்குச் சாப்பிடுங்கள். மதுரையில் ஈரல் சிகிச்சைக்கு ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார். அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வண்டியும் ஏற்பாடு செய்கிறேன். செலவைப் பற்றி யோசிக்காதே.

எனக்கு இந்த வாரம் கிளம்ப முடியாத நிலை. அடுத்த ஊர் வேலைக்கான குழு வந்திருக்கிறது.

டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னாய். அதை எழுத்தில் எங்காவது பதிந்தார்களா? நீ வேறு ஏதும் சொன்னாயா? அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்து. காமாலை வர ஆயிரம் காரணம் உண்டு, அக்கா.

நெல்லையப்பர் கைவிட மாட்டார்.

தில்லை


பொழிற்குறிச்சி
12.5.2025

தில்லைநாயகத்துக்கு,

நீயும் சித்ரலேகாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. துக்கம் விசாரித்து எழுதியதையும் படித்தேன்.

சுகிர்தா பிழைத்துவிட்டாள். பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண். எட்டு மாதம் நிறைந்து, நகமெல்லாம் முளைத்து இருந்தது. அத்தானும் மாப்பிள்ளையும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இடம் உனக்குத் தெரியும். சுடுகாட்டில், உன் மோட்டார்க் கொட்டகையின் மதிலுக்கு இந்தப் பக்கம். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது என்று அத்தான் சொன்னார். நாற்றம் தாங்காமல் மாப்பிள்ளை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மண் தள்ளினாராம்.

எனக்குப் புத்தி வந்தது பிறகுதான். நானாக யோசித்து வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மூன்றாம் நாள், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். காய்ச்சியதுதான். சுகிர்தா அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் பைய சொன்னாள்.

"எம்மா, மாமா அன்னைக்குத் தண்ணிய வாங்கிக் குடிக்காம ஜன்னல்ல வச்சாவளே. அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் ரோஷம் வந்துச்சு."

மறுநாள் கணேஷ்ராம் வந்து அவளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் என்னிடம் போனில்கூடப் பேசவில்லை. மாப்பிள்ளைதான் பேசுகிறார்.

அவர்கள் கிளம்பியதும் நேரே நிலையத்துக்குப் போனேன். செந்தூர்பாண்டி என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். மோட்டாரை எப்போது ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

"சென்னைல இருந்து சார் போன் போட்டா ஓட்டுவோம் டீச்சர், மருந்தும் கொட்டுவோம், ரெண்டு நாள்ல தெளிஞ்சாப்ல தெரியும். மத்த நாளு ஓட்டுனா கரண்டு பில்லு ஏறுதுன்னு காண்ட்ராக்டர் அண்ணாச்சி சத்தம் போடுதாவ."

எந்த சார் என்று கேட்கவில்லை. உன் பெயரை அவன் வாயால் கேட்க எனக்குத் திராணி இல்லை.

மோட்டார் நின்றால் கிருமி செத்துவிடும், வந்தது வந்தபடி போகும் என்று எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. உனக்குத் தெரிந்தே இருந்தது. சுகிர்தாவை இங்கே வர விடக்கூடாது என்று சுற்றி வளைத்து எத்தனை விதமாக எழுதினாய். பனிக்காலம் என்றாய், வெயில் என்றாய், டாக்டர் என்றாய். மோட்டார் ஓடவில்லை அக்கா, அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. எழுதியிருந்தால் நான் அவளைக் கோயம்புத்தூரிலேயே விட்டிருப்பேன். என் ரோஷம் எனக்குத் தெரியும், அதைவிட என் பிள்ளை எனக்குப் பெரிது.

என் பங்கையும் மறக்கவில்லை. சாமி குளிக்கிற மண்டபத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று மேற்கே தள்ளினோம். ஆறு மேற்கேயிருந்து கிழக்கேதான் ஓடுகிறது என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு உறைக்கவில்லை, சரி. நீ அதற்காகவே படித்தவன். முன்பு அவரவர் அழுக்கு அவரவர் கொல்லையில் கிடந்தது. ஊர் அழுக்கையெல்லாம் குழாய் போட்டு ஒன்றாகச் சேர்த்து நம் படித்துறையில் கொண்டுவந்து விட்டதுதான் நாம் இரண்டு பேரும் செய்த காரியம்.

மறுபடி வீடு வீடாகப் போகிறேன், தண்ணீரைக் காய்ச்சுங்கள் என்று சொல்ல. "நீங்கதான டீச்சர் இணைப்பு வாங்கச் சொன்னிய" என்கிறார்கள். சிலர் கதவையே திறப்பதில்லை.

ஒன்றே ஒன்று செய். கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுது. நிலையம் ஓடுவதில்லை, ஓடுவதாக நான் கொடுத்த சான்று பொய், ஓடை சேரும் இடத்தை ஊருக்குக் கீழே மாற்ற வேண்டும் என்று உன் கையெழுத்தில் எழுது. நான் எழுதினேன், உன் ஆலோசனை நிறுவனத்தின் சான்று சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. நீ எழுதினால்தான் எடுபடும். என்னிடம் படித்த ஷம்ஸியாவுக்கு இது ஆறாம் மாதம். அவளும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

பிரம்மநாயகி


சென்னை
28.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். சுகிர்தா பேசினாளா?

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ நினைப்பது போல எல்லாம் என் கையில் இல்லை. மோட்டாரை ஓட்ட வேண்டியது ஒப்பந்தக்காரர். மின்கட்டணம் ஒதுக்க வேண்டியது வேறு இடம். நாங்கள் ஆலோசகர்கள் மட்டுமே. நீ கேட்பது போல ஒரு கடிதம் எழுதினால் என் வேலை மட்டும் போகாது, என் கீழே இருக்கிற பிள்ளைகள் வேலையும் போகும். உரிய இடத்தில் உரிய முறையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாதிரிகள் எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கின்றன. இதற்கு மேல் எழுத்தில் வேண்டாம்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறேன். நம் படித்துறையில்தான் செய்ய வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். முடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். நேரில் பேசினால் உனக்குப் புரியும். நீ என் அக்கா, என்னை விட்டுவிட மாட்டாய்.

தில்லை


பொழிற்குறிச்சி
23.7.2025

தில்லைநாயகம்,

நாளைக்கு அமாவாசை. நீ வருவதாக எழுதாமல் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். நேற்று விடிந்ததிலிருந்து மோட்டார் ஓடுகிறது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. கூடத்தில் மேசைமேல் இருக்கும். நீ படித்துறையில் முங்கி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, ஈர வேட்டியோடு வரும்போது எடுத்துப் படி. ஊரில் பாதிப்பேர் நாளைக்கு அங்கே வருவார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே, டீச்சர்தான் பிள்ளை போன துக்கத்தில் எதையோ பேசுகிறாள் என்பார்கள். உனக்கும் அது சௌகரியம்.

பரணில் கிடந்த உன் இயந்திரத்தை இறக்கினேன். கொண்டுபோய் ஷம்ஸியா வீட்டில் மாட்டிவிட்டேன். அவள் புருஷன் ரசீத் எதற்கு டீச்சர் என்று கேட்டான். காரணத்தை நான் நேராகச் சொன்னேன். உனக்கு வராதது எனக்கு வந்தது. ஆனால் ஊர் முழுக்க மாட்ட என்னிடம் இயந்திரம் இல்லை.

உன் அத்தான் நாளைக்கு வீட்டில் இருக்க மாட்டார், கோயம்புத்தூர் போகிறார். சுகிர்தா அவரை வரச் சொல்லியிருக்கிறாள். என்னைச் சொல்லவில்லை. அதனால் நான் மட்டும்தான் இருப்பேன். உன்னை வாசலில் நிறுத்த மாட்டேன், பயப்படாதே.

வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது இந்த வீட்டு வழக்கம். இந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே செம்பு இருக்கும். திங்கட்கிழமை, மோட்டார் போடுவதற்கு முந்தின சாயந்தரம், நானே படித்துறையில் இறங்கி மொண்டுவந்து மூடி வைத்த தண்ணீர். காய்ச்சவில்லை. மாதிரிகள் வரம்புக்குள் இருப்பதாக எழுதியிருந்தாய்.

பாட்டில் காரிலேயே இருக்கட்டும். முதலில் இதைக் குடி. பிறகு உட்கார்ந்து பேசலாம்.

பிரம்மநாயகி